தன்மூச்சும் துருத்தியும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், எமது பழைய மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பௌதிகம் பயின்றவர். இப்பொழுது இங்கிலாந்தில் கணக்காளராகத் தொழில் பார்ப்பவர். மனைவியும் மகளும் உடன் வந்திருந்தனர். பழங்கதைகள் பேசித் தேநீர் அருந்தியபின், அவர் சற்றே தயங்கி, "சேர், உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்" என்றார். காணி வாங்குவதைப் பற்றியோ மகளின் கல்வியைப் பற்றியோ கேட்கப் போகின்றார் என்றே நாம் எண்ணினோம். அவர் கேட்டதோ தமது காரைப் பற்றி.

அக்கார் இருவர் மாத்திரமே அமரக்கூடிய சிறிய மஸ்டா ஸ்போர்ட்ஸ் கார். கூரையைப் பின்னே மடித்துவிட்டு, வெயில் காயும் நாட்களில் மலைப்பாதைகளில் ஓட்டி மகிழ்வதற்கென்றே அமைந்தது. அதன் இயந்திரத்தின் வலு அவருக்குப் போதவில்லை. மூன்றாண்டுகளாகச் சிறிது சிறிதாகப் பணம் ஒதுக்கி வைத்திருக்கின்றார். வழிகள் இரண்டு உள. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை மாற்றி, வளி செல்லும் வழிகளை இழைத்து அகலமாக்கி, புகைக்குழாயையும் தாராளமானதாக்கி, இயந்திரம் தானாகவே நன்றாக மூச்சிழுக்கும்படி செய்வது ஒன்று. சுப்பர்சாஜர் என்னும் கருவியை வாங்கிப் பூட்டி, வளியை வலிந்து உள்ளே திணிப்பது மற்றொன்று. செலவழிக்கும் காசுக்கு இரண்டாவது வழியே கூடிய வலுவைத் தரும் என்று பட்டறைக்காரர் கூறுகின்றனராம்.

"மூன்றாவது வழியும் ஒன்றுண்டு, சேர். காசை வங்கியிலேயே விட்டுவைக்கலாம்" என்றார் அவருடைய மனைவி.

இத்தகைய கேள்விக்கு விடை சொல்ல எமக்கு என்ன தகுதி உண்டு என வாசகர்கள் வினவலாம். எமக்குச் சொந்தமான வாகனம் துவிச்சக்கரவண்டி ஒன்றே. அதற்கும் பின் ரயரில் ஒட்டு இரண்டு உண்டு. ஆயினும், இதே கேள்வி ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திலே மிகப் பெரிய அளவில் எழுந்ததென்பதையும், அதற்கு விடை காண முயன்றவர்கள் பெரும் பொருளையும் நட்பையும் பணயம் வைத்தனர் என்பதையும் நாம் வாசித்திருந்தோம். அந்தக் கதையையே அவருக்குச் சொன்னோம். அதனையே இவ்வாரம் வாசகர்களுக்கும் கூறுகின்றோம்.

கதைக்கு முன் சிறிது பௌதிகம் வேண்டும். பெற்றோல் இயந்திரத்துக்குப் பஞ்சம் ஏற்படுவது பெற்றோலில் அன்று, வளியிலேதான். ஓர் இறாத்தல் பெற்றோலைச் செவ்வையாக எரிப்பதற்கு ஏறக்குறைய பதினைந்து இறாத்தல் வளி தேவை. பெற்றோலை வேண்டிய மட்டும் ஊற்றலாம். அதற்கேற்ற வளியை உருளைக்குள் கொண்டு சேர்ப்பதே இடர். பிஸ்ரன் கீழிறங்கும்போது உருளைக்குள் வெற்றிடம் போன்ற ஒரு நிலை உண்டாகின்றது. இயந்திரம் வளியை உறிஞ்சுகின்றது என்று நாம் பேச்சுவழக்கிற் கூறுகின்றோம். உண்மையில், எம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டலம், சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல் என்னும் தன் அமுக்கத்தினால், வளியை உள்ளே தள்ளுகின்றது. அதற்கு மேலே தள்ள வளிமண்டலத்தால் இயலாது. நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் காரின் இயந்திரம் களைத்தாற்போல் ஒலிப்பதற்கு ஏற்றம் மட்டும் காரணமன்று. அவ்வுயரத்தில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதும் காரணமாகும்.

ஆகவே வலுவைக் கூட்ட விரும்புவோன் செய்யக்கூடியவை மூன்றே. உருளைகளைப் பெரிதாக்கலாம், அல்லது எண்ணிக்கையிற் கூட்டலாம். இயந்திரத்தை விரைவாகச் சுழலச் செய்து, ஒரு நிமிடத்தில் அது எடுக்கும் மூச்சுக்களைப் பெருக்கலாம். இவை இரண்டும் தன்மூச்சின் வழிகள். மூன்றாவது, கொல்லன் உலையில் துருத்தி வைத்து ஊதுவது போல, வளியை வளிமண்டல அமுக்கத்திலும் மேலான அமுக்கத்தில் உருளைக்குள் ஊதிச் செலுத்துவது. அத்துருத்திதான் சுப்பர்சாஜர்.

துருத்திக்கும் கூலி கொடுக்க வேண்டும். அது இயந்திரத்தின் சுழல்தண்டினாலேயே சுழற்றப்படுவதால், தான் தரும் வலுவில் ஒரு பகுதியைத் தானே உண்டுவிடுகின்றது. இதனினும் பெரிய கூலி வெப்பம். துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, வளியை அமுக்கினால் அது சூடாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சூடான வளி, பெற்றோல் தன் முறை வருமுன்னரே வெடிப்பதற்கு வழி செய்கின்றது. பிஸ்ரனின் தலையிற் சம்மட்டி கொண்டு அடித்தாற்போன்ற விளைவு அது.

இனிக் கதைக்கு வருவோம். வோல்ற்றர் ஓவன் பென்ற்லி 1888இற் பிறந்தவர். டொன்காஸ்ரர் நகரத்துப் புகையிரதப் பட்டறையிலே தொழில் பழகியவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமான இயந்திரம் அமைத்தவர். அலுமினியத்தாலான பிஸ்ரனை இயந்திரங்களிற் பயன்படுத்தி வெற்றி கண்ட முன்னோடிகளுள் ஒருவர். 1919இல் தம் பெயரால் ஒரு கம்பனியைத் தொடங்கினார். அவர் ஆக்கிய கார்கள் பருமனானவை, பாரமானவை, நெடுந்தூரம் ஓடியும் சலிக்காதவை. தம் கார்களின் அடிப்பாகத்துக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் கொடுத்தார். புகையிரத இயந்திரத்தோடு வளர்ந்தவருக்கு, நூறு மைல் விரைந்து ஓடிப் பின்னர் நின்றுபோகும் இயந்திரம் இயந்திரமாகவே தோன்றவில்லை போலும்.

அக்காலத்தில் ஒரு காரின் தரத்தை உலகுக்குக் காட்டிய பரீட்சை, பிரான்சிலே லீ மான் என்னும் ஊரில் ஆண்டுதோறும் நடைபெறும் 24 மணி நேர ஓட்டம். பென்ற்லியின் 3 லீற்றர்க் கார் அதில் 1924இலும் 1927இலும் வென்றது. 4½ லீற்றர்க் கார் 1928இல் வென்றது. வலு மேலும் வேண்டும் என்ற நிலை வந்தபோது பென்ற்லி செய்ததை, எமது மாணாக்கருக்குத் தாளிலே கணக்காகவே எழுதிக் காட்டினோம். 4½ லீற்றர் இயந்திரத்தில் நான்கு உருளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 100 மில்லிமீற்றர், பிஸ்ரன் செல்லும் தூரம் 140 மில்லிமீற்றர். மொத்தக் கனவளவு 4,398 கன சென்ரிமீற்றர். பெரிய காரின் இயந்திரத்தில் அதே விட்டம், அதே தூரம், உருளைகள் மாத்திரம் ஆறு, மொத்தம் 6,597. ஒன்றரை மடங்கு, ஒரு சென்ரிமீற்றரும் பிசகாமல். 'ஸ்பீட் சிக்ஸ்' எனப் பெயர் பெற்ற இக்காரின் ஓட்டப்பந்தய வடிவம் ஏறத்தாழ 200 குதிரைவலுவைத் தந்தது. பாரம் கூடிற்றென்றால் இருக்கும் மாட்டை அடித்து ஓட்டாமல், இன்னொரு மாட்டைப் பூட்டுவது பென்ற்லியின் கொள்கை.

இக்கொள்கையோடு மாறுபட்டவர் சேர் ஹென்றி பேர்க்கின். நொற்றிங்ஹாமிலே பின்னல் துணி உற்பத்தியாற் செல்வம் திரட்டிய குடும்பத்துப் பிள்ளை. 'ரிம்' என்றே எல்லோரும் அவரை அழைத்தனர். சிறிய உருவம், பேச்சிலே சற்றுத் திக்கல், கழுத்திலே புள்ளியிட்ட பட்டுத் துண்டு. ஆனால் சக்கரத்தைப் பிடித்தாரானால் அஞ்சுவதென்பதை அறியாதவர். பென்ற்லி கம்பனிக்காகக் கார் ஓட்டியவர்களுள் இவரே மிகுந்த வேகக்காரர்.

பேர்க்கினுடைய வாதத்தை ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. ஜேர்மனியில் மேர்சிடிஸ் கம்பனியார் 1920களின் தொடக்கத்திலிருந்தே சுப்பர்சாஜர் பூட்டிய கார்களை விற்றுவந்தனர். இத்தாலியரோ மிகச் சிறிய இயந்திரங்களைத் துருத்தியால் ஊதி, பெரிய கார்களைத் துரத்தினர். மேலும் மேலும் பெரிய இயந்திரம் என்றால் மேலும் மேலும் பாரமான கார். பாரம் கூடினால் ரயரும் பிறேக்கும் தேயும். இதற்கு எல்லை எங்கே? கையிலிருக்கும் 4½ லீற்றர் இயந்திரத்துக்கே ஒரு துருத்தியைப் பூட்டினால் வலு உடனே கிடைக்குமன்றோ? இவ்வாறு அவர் எண்ணினார். துருத்தியை அமைத்துக் கொடுத்தவர் அம்ஹேர்ஸ்ற் வில்லியேர்ஸ் என்னும் பொறியியலாளர். வெலின் தோட்ட நகரிலே பட்டறை அமைக்கவும் கார்களை ஆக்கவும் பணம் கொடுத்தவர் டொறத்தி பஜெற் என்னும் செல்வச் சீமாட்டி. இவருடைய குதிரை 1934இல் 'கிராண்ட் நஷனல்' ஓட்டத்தில் வென்றது. கார்களைக் காட்டிலும் குதிரைகள் அவருக்கு நல்ல பலன் தந்தன என்றே சொல்லவேண்டும்.

பென்ற்லிக்கு இது அறவே பிடிக்கவில்லை. தம் இயந்திரத்துக்குத் துருத்தி பூட்டுவது அதன் இயல்பையே கெடுப்பதாகும் என்று அவர் கருதினார். தம் நினைவுகளை எழுதிய காலத்திலும் அக்கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கம்பனியில் அவருடைய சொல் கடைசிச் சொல்லாக இருக்கவில்லை. பணமுடை காரணமாக 1926இலே கம்பனியின் தலைமை, தென்னாபிரிக்க வைரச் சுரங்கச் செல்வத்துக்கு வாரிசான வூல்ப் பார்னாற்றோவின் கைக்குச் சென்றிருந்தது. பார்னாற்றோ பேர்க்கினின் பக்கம் சாய்ந்தார். லீ மான் ஓட்டத்திற் சேர்வதானால், அவ்வகைக் கார்கள் ஐம்பது செய்து விற்பனைக்கு விடப்படவேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு வீரரின் ஆசைக்காக ஐம்பது கார்களைக் கம்பனி செய்ய வேண்டியதாயிற்று. உலகச் சந்தை சரிந்த 1929ஆம் ஆண்டை ஒட்டி இது நிகழ்ந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க.

தம் பெயர் பொறித்த இயந்திரம் தம் விருப்பத்துக்கு மாறாகத் திருத்தப்படுவதைப் பார்த்திருக்க நேர்ந்த ஒருவருடைய மனநிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இயந்திரத்தினுள்ளே துருத்திக்கு இடம் விடும்படி உருவத்தை மாற்ற அவர் இசையவில்லை. அதனால் அது சுழல்தண்டின் முன் நுனியிலே, குளிர்நீர்ப் பெட்டிக்கும் முன்னால், வெளியே துருத்திக்கொண்டு நின்றது. (துருத்தி துருத்திக்கொண்டு நின்றது என எழுதுவது சிலேடைக்காக அன்று, வேறு சொல் கிடைக்கவில்லை.) காரின் மூக்கிலே பாரம் ஏறியதால், வளைவுகளில் அதைத் திருப்புவது கடினமாயிற்று. பெற்றோலை அது குடித்த வேகம் சொல்லத் தரமன்று. ஆனாற் பந்தயக் காரின் வலு 240 குதிரைவலுவுக்கு உயர்ந்தது. 4½ லீற்றரில் 240. ஸ்பீட் சிக்ஸோ 6½ லீற்றரில் 200. லீற்றர் ஒன்றுக்குக் கணக்கிட்டால் முன்னதில் ஏறத்தாழ 55, பின்னதில் 30. தாளிலே பேர்க்கின் வென்றுவிட்டார். 'புளோவர்' என்று, அதாவது ஊதுவது என்று, அக்காருக்குப் பெயர் வந்தது.

இங்கே எமக்குப் பிடித்தமான ஒரு செய்தி உண்டு. 1929 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் நடந்த ஓர் ஓட்டத்தில் பேர்க்கின் புளோவரை ஓட்டியபோது, விதிப்படி பக்கத்தில் அமர்ந்து சென்ற இயந்திரத் துணைவர் வேறு யாருமல்லர், பென்ற்லியே. தமக்குப் பிடிக்காத கருவி முன்னே ஓலமிட, நாற்பது வயதைத் தாண்டிய அம்மனிதர் மணிக்கணக்காக அக்காரில் குலுங்கிச் சென்றார். கருத்து வேறுபாடு இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத அந்தப் பண்பு எமது சங்கங்களிலும் சபைகளிலும் அருகிவிட்டது.

1929இல் லீ மானுக்குப் புளோவர் ஆயத்தமாகவில்லை. அவ்வாண்டு பார்னாற்றோவும் பேர்க்கினுமே ஸ்பீட் சிக்ஸை மாறி மாறி ஓட்டி வென்றனர். முதல் நான்கு இடங்களும் பென்ற்லிக்கே. துருத்தியில்லாத காரில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்றும் பேர்க்கினுடைய மனம் மாறவில்லை.

மறு ஆண்டு, 1930 ஜூன் மாதத்தில், இரு கொள்கைகளும் ஒரே களத்தில் நேருக்கு நேர் நின்றன. கம்பனியின் சார்பில் ஸ்பீட் சிக்ஸ் கார்கள்; பஜெற் சீமாட்டியின் சார்பில் புளோவர்கள். எதிரே ஜேர்மனியிலிருந்து ஒரே ஒரு மேர்சிடிஸ்; ஏழு லீற்றர் இயந்திரம்; ஓட்டுநர்களுள் ஒருவர் புகழ்பெற்ற றூடொல்ப் கரச்சோலா. அக்காரிலும் சுப்பர்சாஜர் உண்டு. ஆனால் அது எந்நேரமும் ஊதுவதன்று. வேகமிதியை அடிமட்டும் மிதித்தால் மட்டுமே வேலை செய்வது. துருத்தியைச் சோறாக அல்லாமல் ஊறுகாயாகவே ஜேர்மன் பொறியியலாளர் கருதினர் என்க.

ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பேர்க்கின் கரச்சோலாவைத் துரத்தத் தொடங்கினார். நீண்ட நேர்ப்பாதையில், சக்கரங்கள் புற்றரையில் ஏற, மேர்சிடிஸை முந்திச் சென்றார். பின் ரயரின் மேற்றோல் கழன்று பறந்தும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. பார்த்திருந்தோர் அந்தச் சில நிமிடங்களை ஆயுள் முழுதும் பேசினர். பின்னர் ரயர் மாற்றுவதற்காக நின்று, முன்னிலையை இழந்தார். அதன் பின் ஸ்பீட் சிக்ஸ் கார்கள் மேர்சிடிஸை விடாமல் நெருக்கின. நெருக்க நெருக்க, ஊறுகாயாக இருக்க வேண்டிய துருத்தியை ஜேர்மன் கார் அடிக்கடி பயன்படுத்த வேண்டியதாயிற்று. நள்ளிரவு கடந்து சில மணி நேரத்தில் அது ஒதுங்கி நின்றுவிட்டது.

எதிரி போனபின் எஞ்சியது வீட்டுப் போட்டி. ஞாயிறு பகலில், ஓட்டம் முடியுமுன்னர், புளோவர்கள் இரண்டும் இயந்திரம் பழுதுற்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பிற்பகல் நான்கு மணிக்குப் பார்னாற்றோவும் கிட்ஸ்ரனும் ஓட்டிய ஸ்பீட் சிக்ஸ் முதலாவதாகவும், மற்றொரு ஸ்பீட் சிக்ஸ் இரண்டாவதாகவும் ஓடி முடித்தன. பார்னாற்றோ லீ மானுக்கு மூன்று முறை சென்று மூன்று முறையும் வென்றவர். மூன்று முறையும் தன்மூச்சு இயந்திரத்திலேயே.

புளோவருக்குப் பெருமையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு செப்டெம்பரில் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிறீ ஓட்டத்தில், சிறுத்துத் திரண்ட புகாற்றிக் கார்களின் நடுவே, மட்காட்டையும் விளக்கையும் கழற்றிய நான்கிருக்கைக் காரைக் கொண்டுபோய் இரண்டாம் இடம் பெற்றார் பேர்க்கின். 1932 மார்ச்சில், அவருடைய ஒற்றையிருக்கைச் சிவப்புப் புளோவர், புறூக்லண்ட்ஸ் வட்டப்பாதையை மணிக்கு 137.96 மைல் வேகத்திற் சுற்றிச் சாதனை படைத்தது. குறுகிய நேரத்துக்கு அதற்கு நிகர் அதுவே. பென்ற்லியின் இயந்திரம் நீண்ட நேரத்துக்காகப் பிறந்தது என்பதே வினை.

இவ்விடத்தில் எமது மாணாக்கர், "அப்படியானால் தன்மூச்சுத்தான் சரி என்கிறீர்களா, சேர்?" என்று கேட்டார். அவ்வாறு முடித்துவிட்டாற் கதையின் பாதியை மறைத்தவர்களாவோம். 1931இல் லீ மானில் வென்றவர் யார் தெரியுமா? அதே பேர்க்கின். ஹவ் பிரபுவுடன் சேர்ந்து அவர் ஓட்டியது இத்தாலியின் அல்பா றோமியோ. அதன் இயந்திரம் 2.3 லீற்றரே, எட்டு உருளைகள், சுப்பர்சாஜர் பூட்டியது. அந்தச் சின்ன இயந்திரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஊதப்பட்டும் உடையாமல், லீ மானில் முதன்முதலாக 3,000 கிலோமீற்றர் என்னும் எல்லையைத் தாண்டிற்று. அவ்வகைக் கார்களே 1934 வரை ஆண்டுதோறும் அங்கே வென்றன.

வேறுபாடு எங்கே? அல்பாவை அமைத்த விற்றோரியோ யானோ, முதற் கோடு வரையும்போதே துருத்தியை மனத்தில் வைத்து வரைந்தார். தண்டும் தாங்கிகளும் பிஸ்ரனும் வரப்போகும் அமுக்கத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்றவாறு பிறந்தன. பென்ற்லியின் 4½ லீற்றரோ தானே மூச்சிழுக்கப் பிறந்தது. துருத்தி அதற்குப் பின்னால் வந்த மருமகள். வந்தவளின் குணத்திலும் குறையில்லை, வீட்டாரின் குணத்திலும் குறையில்லை. சமையலறை மட்டும் இருவருக்குப் போதவில்லை. (எமது மாணாக்கரின் மனைவி இந்த உவமையை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கின்றோம்.)

பென்ற்லியின் கொள்கை வென்றது; பென்ற்லி வெல்லவில்லை. 1931 ஜூலையில் அவருடைய கம்பனி கடன்காரரின் நிருவாகத்துக்குள் சென்றது. நவம்பரில் றோல்ஸ் றோய்ஸ் கம்பனி அதை வாங்கிற்று. தம் பெயரைத் தாமே பயன்படுத்தும் உரிமையையும் அவர் இழந்தார். ஐம்பது புளோவர்களாற் கம்பனி வீழ்ந்தது என்று சொல்லுவார் உளர். பெரிய, விலையுயர்ந்த கார்களை வாங்குவோர் பொருளாதார மந்தத்தில் மறைந்துபோனமையே பெருங்காரணம் என்பது எமது எண்ணம். ஸ்பீட் சிக்ஸும் ஏழைகள் வாங்கிய கார் அன்று. வாங்கிய றோல்ஸ் றோய்ஸ் கம்பனியார் புதிய பென்ற்லி ஒன்றை ஆக்க முயன்றபோது, முதலிலே சிறிய இயந்திரம் ஒன்றுக்குச் சுப்பர்சாஜர் பூட்டிப் பார்த்தனர். பின்னர் அதைக் கைவிட்டு, தம்மிடமிருந்த சற்றுப் பெரிய தன்மூச்சு இயந்திரத்தையே திருத்தி 1933இல் வெளியிட்டனர்.

அவ்வாண்டிலேயே பேர்க்கின் மறைந்தார். மே மாதம் திரிப்பொலி நகர ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தபோது, சூடேறிய புகைக்குழாயிற் பட்டு அவருடைய கை வெந்தது. ஏழு வாரமும் உயிரோடிருக்கவில்லை. வயது 36. பென்ற்லி 1971 வரை வாழ்ந்தார்.

கதை முடிந்தபின் எமது மாணாக்கரிடம் ஒரே ஒரு விவரம் கேட்டோம்: அவருடைய மஸ்டாவின் அமுக்க விகிதம் யாது? பதின்மூன்றுக்கு ஒன்று என்றார். எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருளைக்குள் வந்த வளியைப் பதின்மூன்றில் ஒரு பங்காக நெரிக்கும் இயந்திரம், தன்மூச்சின் கடைசித் துளியையும் பிழிந்தெடுப்பதற்கென்றே யப்பானியர் அமைத்தது. அதற்குள் ஏற்கெனவே அமுக்கிய, ஏற்கெனவே சூடான வளியைச் செலுத்துவதென்றால் என்ன நிகழும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பேர்க்கினின் காலத்தில் இல்லாத வசதிகள் இன்று உள என்பதும் உண்மை. அமுக்கிய வளியைக் குளிர்விக்கும் கருவி உண்டு. முன்வெடிப்பின் ஒலியைக் கேட்டுணர்ந்து தீப்பொறியைப் பிந்தச் செய்யும் மின்னணு மூளை உண்டு. மெல்லிய அளவில் ஊதினால் இயந்திரம் தாங்கும் என்று பட்டறைக்காரர் கூறுவது பொய்யாகாது. ஆனால் மெல்லிய அளவோடு நின்றவர் எத்தனை பேர்? துருத்தியின் கப்பியை மாற்றினால் அமுக்கம் கூடும் என்பதை அறிந்தபின் கை சும்மா இருக்குமா?

"தம்பி, இந்தக் காரை எங்கே ஓட்டுகிறீர்?" என்று கேட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்ஸ் மலைப்பக்கம், மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, என்றார். வளைவும் ஏற்றமுமான பாதைகள். அத்தகைய பாதையில், வேகமிதியை எவ்வளவு தொட்டால் எவ்வளவு வலு வரும் என்பது காலுக்குத் தெரிந்திருப்பதே இன்பம். தன்மூச்சு இயந்திரம் இவ்விடயத்தில் மிக நேர்மையானது. சுழற்சி ஏற ஏற வலுவும் படிப்படியாக ஏறும். தண்டினால் நேரே சுழலும் சுப்பர்சாஜரும், புகையின் விசையாற் சுழலும் ரேர்போவைப் போலத் தாமதித்து உதைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் எமது தீர்ப்பைக் கேட்டதால் உள்ளதைச் சொன்னோம்: முதலிற் புகைக்குழாயும் வால்வுத் தண்டும், பாரமான சில்லுகளுக்குப் பதிலாக இலேசானவை, நல்ல பிறேக்கு. வலு சிறிதே கூடும். இயந்திரம் தன் இயல்பிலேயே இருக்கும். சுப்பர்சாஜர்தான் வேண்டுமென்றால், பிஸ்ரனையும் அதைத் தாங்கும் தண்டுகளையும் முதலில் மாற்றி, யானோ செய்ததைப் போல் அடியிலிருந்து தொடங்குக. துருத்தியை மாத்திரம் வாங்கிப் பூட்டும் எண்ணம் வேண்டா.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எல்லாம் சரி, சேர். ஆனால் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது புளோவரைத்தானே?" என்றார்.

இதற்கு நாம் என்ன சொல்ல? அவர் கூறியது உண்மை. இயன் பிளெமிங் 1953இல் தம் துப்பறியும் நாயகன் ஜேம்ஸ் பொண்டைப் படைத்தபோது, அவனுக்கு ஓட்டக் கொடுத்தது ஸ்பீட் சிக்ஸை அன்று. வில்லியேர்ஸின் துருத்தி பூட்டிய 4½ லீற்றர் பென்ற்லியை. பேர்க்கினின் சிவப்பு ஒற்றையிருக்கைக் கார் 2012இல் ஏலத்திலே ஐம்பது இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. இன்றைய பென்ற்லி கம்பனியார், பழைய கார்களைப் பழைய முறையிலேயே மறுபடியும் செய்து விற்க 2019இல் முடிவு செய்தபோது, முதலில் எடுத்துக்கொண்டது, நிறுவியவர் வெறுத்த புளோவரையே. பன்னிரண்டு செய்தனர். ஸ்பீட் சிக்ஸின் முறை 2022இலேதான் வந்தது. அதுவும் பன்னிரண்டுதான் என்பதில் எமக்குச் சிறிது ஆறுதல்.

சென்ற வாரம் இங்கிலாந்திலிருந்து மடல் வந்தது. சுப்பர்சாஜரை வாங்கிவிட்டாராம். எமது சொல்லையும் தட்டவில்லையாம். பிஸ்ரன்களும் தண்டுகளும் மாற்றிய பின்னரே பூட்டுவதென்று முடிவாம். அவற்றின் விலையை விசாரித்ததில் இன்னும் ஈராண்டு சேமிக்க வேண்டியிருக்கின்றதாம். அதுவரை கருவி பெட்டியோடு படுக்கையறைக் கட்டிலின் கீழே இருக்கின்றது. கீழே, வேறு கையெழுத்தில், ஒரு வரி: கூட்டும்போது தும்புத்தடி அதில் இடிக்கின்றதாம்.